வரிச்சட்டைக்காரர் எறிந்த மஞ்சள் துணி

அக்டோபர் 7, செவ்வாய்

இந்த நோட்டு மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது. "மனசுல தோணுறதை எல்லாம் இதுல எழுதுங்க அத்தை, பொழுது போகும்" என்றார். நிஜம் என்னவென்றால், என் மகள் கற்பகம் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். அவள் மீட்டிங்கில் இருக்கும்போது நான் பேசக் கூடாது, மிக்சி ஓடக் கூடாது, குக்கர் விசில் அடிக்கக் கூடாது. நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு ஒரு நோட்டு. எனக்கா தெரியாது? நான் படித்தது அஞ்சாம் வகுப்புத்தான். ஆனால் அது அந்தக் காலத்து அஞ்சாம் வகுப்பு. இப்போது காலேஜ் படித்தவன் எழுத்தைப் பார்த்தால் கோழி கிளறினது மாதிரி இருக்கிறது. இந்த வெள்ளத்தாய் எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அமெரிக்காவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஜார்ஜியா என்று ஒரு மாகாணம். இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேத்தி விளையாடுவதைப் பார்க்கப் போனேன். பேத்தி பெயர் நறுமுகை, பதினாறு வயது. மாப்பிள்ளை தேடித் தேடி வைத்த பெயர். இங்கே எல்லாரும் அதை வெட்டி 'முகி' ஆக்கிவிட்டார்கள்.

பொம்பளைப் பிள்ளைகள் ஆடுகிற ஃபுட்பால் என்றார்கள். கடைசி வரைக்கும் பந்தைக் காலால் யாரும் தொடவே இல்லை. பந்தும் உருண்டையாக இல்லை, பப்பாளிக்காய் மாதிரி இருக்கிறது. ஒரு பிள்ளை குனிந்து அதைப் பின்னால் கொடுக்கிறது, பின்னால் நிற்பவள் வாங்கித் தூர எறிகிறாள், ஓரத்தில் நிற்பவள் ஓடிப்போய்ப் பிடிக்கிறாள். எல்லாருடைய இடுப்பிலும் ரிப்பன் தொங்குகிறது. பந்து வைத்திருப்பவளின் ரிப்பனை எதிராளி உருவிவிட்டால் ஆட்டம் அந்த இடத்தோடு நின்றுவிடும். மேலே விழுந்து புரளுவது கிடையாது. அந்த மட்டுக்கும் நல்லது.

ஓரத்தில் நின்று ஓடுகிறவள் என் பேத்தி. மான்குட்டி.

தொடங்குவதற்கு முன்னால் பிள்ளைகள் எல்லாம் வரிசையாகக் கல் மாதிரி அசையாமல் நின்றார்கள். பார்க்க வந்தவர்களும் கப்சிப். தாலி எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் கல்யாண வீட்டில் இப்படித்தான் ஓர் அமைதி வரும். ஒரு நல்ல காரியம் தொடங்கப் போகிறது, அம்மாச்சி நான் சும்மா உட்கார்ந்திருக்கவா? நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டேன். எங்கள் ஊரில் முளைப்பாரி எடுத்தால் முதல் குலவை என்னுடையது. கண்மாய்க் கரை வரைக்கும் கேட்கும். இங்கேயும் குறை வைக்கவில்லை.

பக்கத்தில் இருந்த டெனிஸ் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பந்து எறிகிற பிள்ளையின் அம்மா அவள். கறுப்பு நிறம், கணீரென்ற குரல். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கையை ஆட்டிக் கேட்டாள்.

அதற்குள் மைதானத்தில் ஒரு மஞ்சள் துணி விழுந்து கிடந்தது. கறுப்பும் வெள்ளையும் வரிவரியாகச் சட்டை போட்ட அம்பயர் எறிந்திருக்கிறான்.

"என்ன மாப்பிள்ளை, கைக்குட்டையைக் கீழே போட்டுட்டான்?"

"ஃபால்ஸ் ஸ்டார்ட் அத்தை. பந்து கை மாறுறதுக்கு முன்னாடியே நம்ம பிள்ளை அசைஞ்சிருச்சாம். தப்பு. அஞ்சு கெஜம் பின்னால போகணும்."

"கெஜமா? இங்க இன்னும் கெஜமா?"

"கெஜம்தான்."

கெஜத்தைக் கேட்டு எத்தனை காலம்! சந்தோஷப்படுவதற்குள் டெனிஸுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் எழுந்து நின்று கத்தினார். வால்டர் என்று பெயர். குனிந்து பந்து கொடுக்கிற பிள்ளையின் தாத்தா. மடக்கு நாற்காலி, கழுத்தில் பைனாகுலர். எதிர்க்கட்சிப் பிள்ளை ஒன்று முழங்காலையே ஆட்டியது, அதற்கு ஏன் துணி விழவில்லை என்று கேட்கிறார். நானும் பார்த்தேன், ஆட்டியது. வரிச்சட்டைக்காரனுக்குத் தொப்பை இருக்கும் அளவுக்குக் கண் இல்லை.

இந்தக் குற்றத்துக்கு நான் 'முந்தல்' என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் ஃபால்ஸ் ஸ்டார்ட் என்று எழுதினால் கை வலிக்கும்.

அக்டோபர் 8, புதன்

மோர் மிளகாயைப் பின்பக்கத்து மரத்தளத்தில் காயப் போட்டேன். அணில் ஒன்று தூக்கிக்கொண்டு போய்க் கடித்துவிட்டுத் தலைதெறிக்க ஓடியது. இந்த ஊர் அணில் பூனை அளவு இருக்கிறது. புத்தி மட்டும் நம் ஊர் அணிலுக்குத்தான்.

அக்டோபர் 9, வியாழன்

இன்றைக்கு வெளியூரில் ஆட்டம். முழங்கால் பிடித்துக்கொண்டது, போகவில்லை. ரசம் வைத்து அப்பளம் பொரித்தேன்.

இருட்டுவதற்குள் வந்துவிட்டார்கள். பேத்தி மூன்று தடவை பந்து பிடித்தாளாம். ஒரு முந்தல்கூட இல்லை. "அந்த ஊர் அம்பயர் எவ்வளவோ பரவாயில்ல அத்தை" என்றார் மாப்பிள்ளை. அப்படித்தான் இருக்கும். நேர்மையான மனுஷர் யாரோ. அவர் நல்லா இருக்கணும்.

அக்டோபர் 14, செவ்வாய்

நம் ஊர் மைதானம். அதே வரிச்சட்டை, அதே தொப்பை.

இரண்டு முந்தல்! இரண்டும் என் பேத்தி தலையில்.

முதல் தடவை விழுந்தபோது வால்டர் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். இரண்டாம் தடவை மாப்பிள்ளையே எழுந்துவிட்டார். வீட்டில் வாய் திறக்காத மனுஷர். எதிர்க்கட்சிப் பிள்ளை தோளை ஆட்டினால் 'தோளை ஆட்டலாம்' என்கிறார்களாம். நம் பிள்ளை இமைத்தால் துணி பறக்கிறது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் போனை வைத்துக்கொண்டு படம் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார்கள்.

"பாருங்க வால்டர், இங்க அசையல. இங்கயும் அசையல."

"இங்கே அசைந்தாள்" என்றார் வால்டர். மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அது காத்து. சட்டை அசையுது."

"சட்டைக்குள்ளே அவள்தானே இருக்கிறாள்?"

"நீங்க எந்தக் கட்சி வால்டர்?"

நம் கட்சிதான், ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதாம். அசைந்தால் எல்லாருக்கும் துணி எறி, இல்லையென்றால் ஒருவருக்கும் எறியாதே, ஒரு வாரம் ஒரு மாதிரி ஊதாதே, அவ்வளவுதான் கேட்கிறேன் என்றார். நியாயமான பேச்சு. டெனிஸ் மட்டும் இந்தச் சண்டையில் சேராமல், வாயைக் குவித்து, நாக்கைச் சுழற்றிக் குலவை பழகிக்கொண்டிருந்தாள். வாத்து கத்துவது மாதிரி இருந்தது. "நாக்கு மேல படக்கூடாது" என்று தமிழில் சொல்லிக் கொடுத்தேன். புரிந்துகொண்டாள். குலவைக்குப் பாஷை வேண்டாம்.

காரில் வரும்போது பேத்தி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்தா, காது வலிக்குதா?"

"ஏன் அம்மாச்சி காது?"

"பஞ்சு வச்சிருக்கியே."

"குளிருக்கு" என்றாள்.

குளிர் ஒன்றும் அப்படி இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

மழை. ஆட்டம் இல்லை. தீபாவளிக்கு அதிரசத்துக்கு மாவு இடித்தேன். உரலில் இல்லை, மிக்சியில்தான். கற்பகம் மீட்டிங்கை முடித்துவிட்டு வந்து "இப்ப போடுங்கம்மா" என்று உத்தரவு கொடுத்த பிறகு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மாப்பிள்ளை ஆபீஸ், பேத்தி பள்ளிக்கூடம், கற்பகம் மீட்டிங்.

அக்டோபர் 21, செவ்வாய்

வயிறு எரிகிறது. எழுதினால் ஆறுமா பார்க்கிறேன்.

தொப்பை இன்றைக்கு இல்லை. ஒல்லியாக இன்னொருவர் வந்தார். "அத்தை, இவர்தான் அன்னைக்கு வெளியூர்ல நல்லா ஊதினவர்" என்றார் மாப்பிள்ளை. நான் எழுந்து நின்று கும்பிட்டேன். தூரத்தில் இருந்ததால் கவனிக்கவில்லை போல.

பிள்ளைகள் நின்றார்கள். அமைதி வந்தது. நேரம் பார்த்துக் குலவை போட்டேன். நல்லவர் என்று நான் வாழ்த்தின அந்த ஒல்லி மனுஷரே மஞ்சள் துணியை எறிந்தார்!

வால்டர் பைனாகுலரை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவு நாளும் தொப்பைக்குக் கண் இல்லை என்று அவர் சொல்லி வந்த கதையெல்லாம் என்ன ஆவது? அப்புறம் யோசித்து ஒன்று சொன்னார். அம்பயர்களுக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு உத்தரவு வருகிறதாம். நம் மைதானத்தில் கறாராக ஊதச் சொல்லி மேலிடம் சொல்லியிருக்குமாம். மாப்பிள்ளை தலையாட்டினார். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. இந்த வரிச்சட்டைக் கூட்டத்துக்கே குலவை பிடிக்கவில்லை. நான் நாக்கை மடக்கின மறு நிமிஷம் துணி விழுகிறது. எத்தனை தடவை கவனித்துவிட்டேன். மங்கலச் சத்தம் காதில் விழுந்தால் சகிக்காத ஜாதி.

விடுவேனா? அடுத்ததற்கு இன்னும் பலமாகப் போட்டேன். இன்னொரு துணி.

கோச் அம்மா பேத்தியை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். மிச்ச ஆட்டம் முழுக்க அவள் பெஞ்சில், முழங்காலில் தலை வைத்தபடி. நாங்கள் தோற்றோம்.

கோச் சொன்னது இதுதான்: நவம்பர் நாலாம் தேதி கடைசி ஆட்டம். ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. அதிலும் முகியை இறக்குவேன், ஆனால் ஒரே ஒரு முந்தல் வந்தாலும் வெளியே உட்கார வேண்டியதுதான், அப்புறம் இந்த வருஷம் முழுக்க அவள் இடத்துக்கு வேறு பிள்ளை.

ஏழாம் வகுப்பிலிருந்து அந்த இடத்துக்காக ஓடியவள். கற்பகம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விடியற்காலையில் எழுந்து இந்தத் தெருவைச் சுற்றி ஓடுவாளாம், ஐஸ் கொட்டினாலும்.

இரவு அவள் சாப்பிடவில்லை. கதவைத் தட்டினேன். "பசிக்கல அம்மாச்சி. நீங்க தூங்குங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல" என்றாள். என் மேல் என்ன இருக்கப் போகிறது?

அக்டோபர் 22, புதன்

கண் பட்டிருக்கிறது, வேறென்ன. மிளகாய், உப்பு, நாலு தெரு மண் என்று தேடினால் இங்கே எல்லாத் தெருவிலும் புல். பூந்தொட்டி மண்ணை எடுத்துக்கொண்டேன். பேத்தியைச் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடி மேலே போனதுதான் தாமதம், வீட்டுக் கூரையில் பொருத்தியிருக்கும் புகை மணி அலறத் தொடங்கிவிட்டது. கற்பகம் மீட்டிங்கில் இருந்து ஓடி வந்தாள். மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறித் துண்டை வீசினார். பேத்தி இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். திருஷ்டி கழிந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

மாப்பிள்ளையும் வால்டரும் சேர்ந்து விளையாட்டுச் சங்கத்துக்குப் புகார் எழுதியிருக்கிறார்கள். ஒரே அசைவுக்கு வெளியூரில் ஒரு நியாயம், எங்கள் ஊரில் ஒரு நியாயம் என்று. அத்தாட்சிக்கு வீடியோ. அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டினார். இத்தனை நாளும் அதைச் சத்தம் இல்லாமல்தான் பார்த்து வந்தார்களாம், வால்டர் வாயில் வருகிற வசவு எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது என்று. "இன்னைக்குச் சத்தத்தோட பாத்துருவோம் அத்தை, அம்பயர் என்ன சொல்றாருன்னு கேக்கணும்" என்றார்.

போட்டார்.

பிள்ளைகள் நிற்கிறார்கள். முதலில் ஒரு சத்தம். அப்புறம் பிள்ளையின் தோள் தூக்கிப்போட்டது. அப்புறம் துணி.

இன்னொன்று போட்டார். சத்தம். தோள். துணி.

மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டார். போனைக் கவிழ்த்து வைத்தார். "காபி சாப்பிடுறீங்களா அத்தை?" என்றார்.

வேண்டாம் என்றேன்.

அது யாருடைய சத்தம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புகாரை அனுப்பினாரா என்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

இட்லிக்கு ஊறப் போட்டேன். வேறு எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 25, சனி

டெனிஸ் போன் செய்தாள். கற்பகம் நடுவில் இருந்து பேசினாள். நான் குலவை கற்றுக் கொடுக்க வர வேண்டுமாம். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லச் சொன்னேன்.

"உங்களுக்குத் தொண்டை நல்லாத்தானம்மா இருக்கு?" என்றாள் கற்பகம்.

"உனக்கு என்ன தெரியும் என் தொண்டையைப் பத்தி? மீட்டிங்கைப் பாரு."

அக்டோபர் 28, செவ்வாய்

வெளியூர் ஆட்டம். போகவில்லை. முழங்கால். முந்தல் இல்லை. ஜெயித்துவிட்டார்கள்.

சாயங்காலம் சட்டினி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்சியை நிறுத்தியதும் கார் நிறுத்துகிற கொட்டடிப் பக்கமிருந்து குலவைச் சத்தம். நான் இங்கே வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், அங்கே என் குலவை கேட்கிறது.  கரண்டியோடு போய்க் கதவைத் திறந்தேன்.

பேத்தி கார் இல்லாத இடத்தில், தரையில் ஒட்டிய டேப்பின் மேல் ஒரு காலை வைத்து, குனிந்து நிற்கிறாள். பக்கத்தில் அட்டைப் பெட்டி மேல் அவள் போன். அதிலிருந்து குலவை வருகிறது. அவள் தோள் துள்ளுகிறது. "ச்சே" என்கிறாள். மறுபடி போடுகிறாள்.

"என்ன பண்ற?"

திரும்பினாள். திருடி அகப்பட்டது மாதிரி முழித்தாள். "ப்ராக்டிஸ் அம்மாச்சி."

"என் குலவைக்கு என்ன ப்ராக்டிஸ்?"

போனை நிறுத்தினாள். "அப்பா வீடியோல இருந்து எடுத்தேன். நீங்க போடும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துரும். சிலிர்த்தா காலு தானாப் போயிருது. அதுக்குத்தான் பழகுறேன், போகாம இருக்கிறதுக்கு. பெரிய டீம் எல்லாம் இப்பிடித்தான், ஸ்பீக்கர்ல சத்தம் வச்சுப் பழகுவாங்க."

"காதுல பஞ்சு வச்சது இதுக்கா?"

"பஞ்சு வச்சும் கேட்டுச்சு."

கேட்காமல்? கண்மாய்க் கரை வரைக்கும் கேட்கிற குரல்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பேன்ல, கழுதை?"

"அதனாலதான் சொல்லல." டேப்பைக் காலால் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "கோச்கூட, நான் உங்க பாட்டிகிட்ட பேசட்டுமான்னு கேட்டாங்க. நான்தான் வேணாம்னேன். வீட்டுல எப்பப் பாத்தாலும் அம்மா உங்களை ஷ்ஷ்னு சொல்றாங்க. அங்க மட்டும்தான் நீங்க சத்தமா இருக்கீங்க."

கொட்டடியில் ஒரே பெட்ரோல் நெடி. கண்ணில் எரிச்சல். கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தேன், சட்டினி தரையில் சொட்டியிருக்கிறது.

"நாலாம் தேதிக்குள்ள சரியாயிரும். நீங்க போடணும் அம்மாச்சி. ப்ராமிஸ்?"

குனிந்து சட்டினியைத் துடைத்தேன். போன் மறுபடி குலவை போட்டது. தோள் துள்ளியது. இன்னும் சரியாகவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

பேய் வேஷம் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வீடு வீடாக வந்து மிட்டாய் கேட்கிறார்கள். கற்பகம் மீட்டிங்கில் இருந்தாள், மிட்டாய் டப்பா எங்கே என்று தெரியவில்லை. ஆளுக்கு ஓர் அதிரசம் கொடுத்தேன். ஓர் எலும்புக்கூடு அங்கேயே நின்று தின்றுவிட்டு இன்னொன்று கேட்டது. அதன் அம்மாதான் முகர்ந்து முகர்ந்து பார்த்தாள்.

கொட்டடியில் சத்தம் தினமும் கேட்கிறது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. முடிவு செய்துவிட்டேன். குலவை இல்லாமல் எத்தனையோ நல்ல காரியம் நடக்கிறது. பிள்ளையின் இடத்தைவிட என் நாக்கு பெரிதா?

நவம்பர் 3, திங்கள்

நாளைக்கு ஆட்டம். பூந்தொட்டி மண்ணை எடுத்ததற்கு அந்தச் செடி வாடிவிட்டது. கற்பகத்துக்கு இன்னும் தெரியாது.

நவம்பர் 4, செவ்வாய்

கையெழுத்து கோணலாகப் போனால் போகட்டும். இன்றைக்கே எழுதியாக வேண்டும்.

மைதானம் நிறையக் கூட்டம். எதிர்க்கட்சி ஆட்களே நம் ஆட்களைவிட அதிகம். வரிச்சட்டையில் வந்தவர் பழைய தொப்பைக்காரர். வால்டர் அவரைப் பார்த்ததும் மடக்கு நாற்காலியைத் தடாலென்று விரித்தார். டெனிஸ் எனக்கு ஓரமாக இடம் போட்டு வைத்திருந்தாள். "மிஸ் வெல்லா!" என்று தன் வாத்துக் குலவையை ஒன்று போட்டுக் காட்டினாள். தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினேன். உடனே பையிலிருந்து ஓர் இருமல் மிட்டாயை எடுத்துக் கொடுத்துவிட்டாள், நல்ல மனசு. அதை வாயில் போட்டுக்கொண்டு, முந்தானையால் வாயையும் பொத்திக்கொண்டேன். ஒரு முறுக்கும் கைவசம் இருந்தது, அவசரத்துக்கு.

பிள்ளைகள் நின்றார்கள். அமைதி. மிட்டாயைக் கடித்துக்கொண்டேன்.

பந்து கை மாறியது. எல்லாரும் ஓடினார்கள். என் பேத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்! அப்புறம்தான் கிளம்பினாள். எறிந்த பந்து அவள் வருவதற்கு முன்னால் தரையில் விழுந்து துள்ளியது.

"என்னாச்சு இவளுக்கு?" என்றார் மாப்பிள்ளை.

அடுத்த தடவையும் அப்படியே. பந்து போன பிறகு கால் கிளம்புகிறது. முந்தல் என்று ஒரு குற்றம் இருக்கிறது, பிந்தலுக்குத் துணி கிடையாது போல. வால்டர் பைனாகுலரைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைத்தார், தப்பு அதில்தான் என்கிற மாதிரி. கோச் அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்த இன்னொரு பிள்ளை எழுந்து காலை உதறிக்கொள்ளத் தொடங்கியது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு வாரமாகக் கொட்டடியில் குலவை கேட்டுக் கேட்டுப் பழகியவள். குலவை வரும், அதைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும், அப்புறம்தான் பந்து என்று உடம்பு பழகிவிட்டது. வராத குலவைக்காக நின்றுகொண்டே இருக்கிறாள்.

ஆட்டம் முடியப் போகிற கட்டம். நாங்கள் நாலே புள்ளி பின்னால். நாலு தடவைக்குள் அடுத்த கோட்டைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். மூன்று தடவை போயாயிற்று. இதுதான் கடைசி. கோட்டுக்கு இன்னும் நாலு கெஜம்.

பிள்ளைகள் போய் நின்றார்கள். பேத்தி தன் ஓரத்துக்குப் போனவள், குனியாமல் எங்கள் பக்கம் திரும்பினாள். இரண்டு கையையும் காதில் வைத்துக் காட்டினாள். அப்புறம் ஒரு விரலை என்னைப் பார்த்து நீட்டினாள்.

"அத்தை, வேண்டாம்" என்றார் மாப்பிள்ளை. என் கையைப் பிடித்துவிட்டார், கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் என்னைத் தொட்டுப் பேசியதே இல்லை. "ஒரு துணி விழுந்தா அவ போயிருவா. ப்ளீஸ் அத்தை."

"அம்மா, போடாதீங்க" என்றாள், இன்றைக்கு மீட்டிங்கை விட்டுவிட்டு வந்திருந்த கற்பகம், அந்தப் பக்கமிருந்து.

பேத்தி குனிந்துவிட்டாள். அமைதி வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை அவள் தோள் துள்ளியதுதான் எனக்குத் தெரியும். அதற்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் போய்ப் பார்த்தேனா? பார்க்கவில்லையே. ஆனால் கேட்டது அவள். கேட்ட பிறகும் இல்லை என்று சொல்ல நான் யார்?

மிட்டாயைத் துப்பிவிட்டு எழுந்து நின்றேன். முந்தானையைச் செருகினேன். போட்டேன்.

அது மாதிரி ஒரு குலவை நான் ஊரிலேயே போட்டதில்லை. மூச்சு முடிகிற வரைக்கும் போட்டேன். டெனிஸும் சேர்ந்துகொண்டாள்.

பேத்தி அசையவில்லை. கோயில் தூண் அசைந்தாலும் அசையும், அவள் அசையவில்லை. அவளுக்கு எதிரில் நின்ற எதிர்க்கட்சிப் பிள்ளை, நெட்டையாக, பின்னல் போட்டிருந்தது, பாவம், தூக்கிவாரிப்போட்டது மாதிரி துள்ளிக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து விழுந்துவிட்டது.

மஞ்சள் துணி பறந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாப்பிள்ளை "ஐயோ" என்றார். அப்புறம் "ஐயையோ!" என்றார், அது வேறு மாதிரி ஐயையோ. கண்ணைத் திறந்தால் தொப்பைக்காரர் கையை அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறார். தப்பு எதிர்க்கட்சி மேல். கோட்டைத் தாண்டியதற்கு அஞ்சு கெஜம் நமக்கு. நமக்கு வேண்டியிருந்தது நாலுதான்!

அதற்கு அடுத்த பந்து. மறுபடி எழுந்தேன், மறுபடி போட்டேன். பேத்தி நின்றாள், பந்து கை மாறியது, கிளம்பினாள். மான்குட்டி. பின்னால் வந்தவளுக்கு ரிப்பன் காற்றில் பறப்பதுதான் தெரிந்திருக்கும். பந்து வந்து அவள் இரண்டு கைக்குள் உட்கார்ந்தது. கடைசிக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வேலி வரைக்கும் ஓடினாள், நிறுத்தத் தெரியாமல். அந்தக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, ஜெயித்துவிட்டோம்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. எதிர்க்கட்சி ஆட்கள் முழுக்க எழுந்து நின்றுவிட்டார்கள். அந்தப் பெண் தாண்டவே இல்லை என்று ஒருவர். முகிதான் முதலில் அசைந்தாள் என்று ஒருவர். போன மாதம் எங்கள் ஊரில் இதே அசைவுக்கு இவர் ஊதவில்லை என்று இன்னொருவர். ஓர் அப்பா போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கமே வந்துவிட்டார், படம் படமாக நகர்த்திக் காட்ட. அவர்கள் கோச் என்னைக் கை காட்டி அம்பயரிடம் என்னமோ கேட்டார். தொப்பைக்காரர் என்னைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார். "வாயால போடுற சத்தத்துக்குத் தடை இல்லைங்கிறார் அத்தை" என்று மாப்பிள்ளை சொன்னார். போன் கொண்டு வந்த அப்பாவிடம் வால்டர் எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, ரொம்பப் பொறுமையாக ஒன்று சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"அம்பயர் தீர்ப்புதான் கடைசித் தீர்ப்பு, விளையாட்டுன்னா அதை மதிக்கக் கத்துக்கணும்கிறார்."

பேத்தி வேலியிலிருந்து திரும்பி ஓடி வந்தாள். வியர்வையோடு கட்டிக்கொண்டாள். "காலு போகல பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன் என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை, நிஜமாகவே தொண்டை கட்டிவிட்டது. இப்போதும் பேச வரவில்லை. கற்பகம் வெந்நீரில் மிளகு போட்டுக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு மீட்டிங் எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டேன், நீங்க பேசலாம்மா" என்கிறாள். பேசக் குரல் இல்லாத அன்றைக்குப் பார்த்து!

கிளம்பும்போது அந்த அம்பயர் எங்கள் காரைத் தாண்டித்தான் போனார். நான் கும்பிட்டேன். அவரும் தொப்பியைத் தொட்டார். நல்ல மனுஷர். கண்ணும் கூர்மை, நியாயமும் தெரிந்தவர். முதல் நாளிலிருந்தே அவர் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு.